எல்லைக் கல்லும் வணிக வழியும்: பள்ளிப்பட்டிலிருந்து ஓர் இறையாண்மை விசாரணை

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதன் பங்காயிற்று. திருத்தணியும் பள்ளிப்பட்டும் அதில் அடங்கின. ம.பொ.சிவஞானத்தின் தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழார் போன்ற உள்ளூர்த் தமிழாசிரியர்களும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம் இதை மாற்றக் கோரியது. எச்.வி.படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். கிராமத்தை அலகாகக் கொள்வது, நிலத் தொடர்ச்சி, மொழிப் பெரும்பான்மை ஆகிய அளவுகோல்களை வைத்து அவர் பரிந்துரை தந்தார். அதன் மேல் நாடாளுமன்றம் 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுத் துணை வட்டமும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. நகரியும் புத்தூரும் அங்கேயே நின்றுவிட்டன. திருப்பதியும் அப்படியே.

வலிய அண்டை நாட்டோடு வணிகப் பிணக்கு மூளும்போது சிறிய நாடு தன் இறையாண்மையை எப்படிக் காப்பது என்பது இன்று உலகெங்கும் எழும் கேள்வி. இதைப் பள்ளிப்பட்டிலிருந்து ஆராய்வது பொருத்தமா என்று கேட்கலாம். மாநிலம் இறையாண்மை உடைய நாடு அன்று. அந்த வேறுபாட்டை மழுப்பவும் கூடாது. ஆனால் இரண்டு அரசுகள் ஒரே கோட்டின் இருபுறமும் நிற்கும்போது அந்தக் கோடு எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. என் வாதம் இதுதான்: இறையாண்மை எல்லையில் பறிபோவதில்லை, எல்லையைக் கடந்து வரும் பொருளின் வழியில்தான் பறிபோகிறது. அந்த வழிக்கு உரிய சட்டமும் மாற்று வழியும் பிணக்குக்கு முன்பே இருந்தாக வேண்டும்.

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் விசைத்தறி ஓடுகிறது. எல்லைக்கு அப்பால் நகரியிலும் ஓடுகிறது. இருபுறத்திலும் தமிழும் தெலுங்கும் பேசுவோர் உண்டு. தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 1000 யூனிட்டாக உயர்ந்தது. நகரி நெசவாளருக்கு மின்கட்டணம் வேறொரு அரசு வகுக்கும் கணக்கு. இருவரும் ஒரே சந்தையில் மோதுகிறார்கள். இரண்டு நாடுகளாக இருந்தால் இந்த மானிய வேறுபாடு ஒன்றே போதும், எல்லையில் வரி விதிக்க. இங்கே அது நடக்காததற்குக் காரணம் நல்லெண்ணம் அன்று. அரசமைப்புச் சட்டத்தின் 301ஆம் பிரிவு. இந்திய ஆட்சிப் பரப்பெங்கும் வணிகம் தடையின்றி நடக்கும் என்கிறது அது. 304ஆம் பிரிவு மாநிலங்களுக்குச் சிறிது இடம் விட்டாலும் அதற்கும் வரம்பு கட்டுகிறது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் மறைந்தன. ஆக, துணிக்கு இரண்டு மாநிலங்களுக்கும் மேலான ஒரு சட்டம் இருக்கிறது.

தண்ணீருக்கு அந்தப் பேறு இல்லை. சித்தூர் மாவட்டத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலையாற்றின் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன, கிராமங்கள் துண்டிக்கப்படுகின்றன. அந்த நீர்தான் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சென்னையின் குடிநீராகிறது. திறப்பது எப்போது, எவ்வளவு என்பது மேலே முடிவாகிறது. 2022 ஆகஸ்டில் அதே ஆற்றின் மேல் ஆந்திர அரசு இரண்டு அணைகளுக்குத் திட்டமிட்டபோது, முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். கீழ்மடை மாநிலத்தின் இசைவின்றிக் கட்டக் கூடாது என்பதே அதன் சாரம். 262ஆம் பிரிவும் 1956ஆம் ஆண்டின் மாநிலங்களிடை நதிநீர்ப் பிணக்குச் சட்டமும் உண்டு. ஆனால் அவை பிணக்கு முற்றியபின் நடுவர் மன்றத்துக்குப் போகும் வழியையே தருகின்றன. பாலாற்று வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு சட்ட வழியின் நீளம் தெரியும்.

இதே அண்டை மாநிலத்தோடு 1983இல் செய்துகொண்ட கிருஷ்ணா நீர் ஒப்பந்தம் வேறு விதம். எம்.ஜி.ஆரும் என்.டி.ராமாராவும் முதல்வர்களாக இருந்த காலம் அது. கிருஷ்ணா பாயும் மூன்று மாநிலங்கள் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க, வழியில் ஏற்படும் இழப்பு போக ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தமிழக எல்லையை அடைய வேண்டும் என்று எழுதினார்கள். முழு அளவு வந்த ஆண்டுகள் அரிது. ஆனாலும் அது கேட்கத்தக்க கடன்; எண் எழுதப்பட்டிருக்கிறது. கொசஸ்தலைக்குக் கடிதம், கிருஷ்ணாவுக்குக் கணக்கு. இரண்டும் ஒரே இரு மாநிலங்களுக்கு இடையில்தான். வலிமையின் விகிதம் மாறவில்லை, முன்கூட்டி எழுதப்பட்டதுதான் மாறியிருக்கிறது.

இனி உண்மையான இறையாண்மை நாட்டுக்கு வருவோம். நேபாளம் கடல் இல்லாத நாடு. அதன் கடல்வழிச் சரக்கு பெரும்பாலும் கொல்கத்தாத் துறைமுகம் வழியே வருகிறது, எரிபொருள் இந்தியன் ஆயிலிடமிருந்து வருகிறது. 1978இல் வணிகத்துக்கு ஒன்றும் சரக்குக் கடப்புக்கு ஒன்றுமாக இரண்டு உடன்படிக்கைகளை அது பெற்றது. அது சிறிய வெற்றி அன்று. வணிகச் சண்டை வந்தாலும் கடப்புரிமை தனியே நிற்கும் என்பதே அதன் பொருள். இந்தியா இரண்டையும் மீண்டும் ஒன்றாக்க விரும்பியது. நேபாளம் சீனாவிடம் ஆயுதம் வாங்கியதும் இந்தியத் தொழிலாளருக்கு வேலை அனுமதி கேட்டதும் சேர்ந்துகொள்ள, 1989 மார்ச்சில் உடன்படிக்கைகள் காலாவதியாயின. 15 கடப்பு வாயில்களில் 13 மூடப்பட்டன. மண்ணெண்ணெய்க்கு வரிசை, விறகுக்குக் காடழிப்பு என்று மக்கள் துன்பப்பட்டார்கள். 1990இல் மக்கள் இயக்கம் மன்னரின் கட்சியற்ற பஞ்சாயத்து ஆட்சியை முடித்துவைத்தது. அந்த ஜூனில் புதிய பிரதமர் கிருஷ்ண பிரசாத் பட்டராய் டெல்லிக்கு வந்து இந்தியப் பிரதமர் வி.பி.சிங்கோடு பழைய நிலையை மீட்டுக்கொண்டார். முற்றுகை ஆட்சியை வீழ்த்தியதா, ஆட்சியின் சொந்தப் பலவீனமா என்ற விவாதம் தொடர்கிறது. இரண்டும்தான் என்பது என் கணிப்பு.

2015இன் கதை இதைவிடக் கசப்பானது. செப்டம்பர் 20இல் புதிய அரசமைப்பு வெளியானது. தராய்ச் சமவெளியின் மதேசிகள் எதிர்த்தார்கள். எல்லையில் லாரிகள் நின்றன. இந்தியா முற்றுகையை மறுத்தது. காட்மாண்டு அதை நம்பவில்லை. மாற்று வழி எங்கே? அந்த ஏப்ரலில் வந்த நிலநடுக்கம் சீன எல்லையின் தாதோபானி வாயிலை மூடிவிட்டிருந்தது. 2016 மார்ச்சில் சீனாவோடு சரக்குக் கடப்பு உடன்பாடு கையெழுத்தானது. தேசிய மானம் மீண்டதாகப் பேச்சு எழுந்தது. ஆனால் 2019 செப்டம்பரில் திறக்கப்பட்டது மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்கு வந்த இந்திய எண்ணெய்க் குழாய். கையெழுத்து வடக்கே, எண்ணெய் தெற்கே. இதை நேபாளத்தின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். இமயத்தைக் குடைந்து வழி அமைப்பதற்கான செலவு ஒரு கையெழுத்தில் குறைவதில்லை. கடல் சட்டம் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 125ஆம் பிரிவு நிலம் சூழ்ந்த நாட்டுக்குக் கடப்புரிமை தருகிறது, ஆனால் அதன் நிபந்தனைகளை வழி தரும் நாட்டோடு பேசி முடிக்கச் சொல்கிறது. 301ஆம் பிரிவுக்கு மேல் ஒரு நீதிமன்றம் இருக்கிறது. 125க்கு மேல் காட்மாண்டு உடனே தட்டத்தக்க கதவு ஒன்றும் இல்லை.

இலங்கை 1952இல் வேறு வகையில் நடந்தது. கொரியப் போரின் காலத்தில் அரிசி விலை ஏறியது. ரப்பர் விலை விழுந்தது. அமெரிக்கா அரிசிக்குக் கேட்ட விலையும் ரப்பருக்குக் கொடுக்கத் தயாரான விலையும் கொழும்புக்குக் கட்டுப்படியாகவில்லை. வணிக அமைச்சர் ஆர்.ஜி.சேனநாயக்க சீனாவோடு ஐந்தாண்டு உடன்படிக்கை செய்தார்: ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி, 50,000 டன் ரப்பர், ரப்பருக்குச் சந்தையைவிடக் கூடுதல் விலை. கம்யூனிச எதிர்ப்பில் உறுதியாயிருந்த டட்லி சேனநாயக்க அரசுதான் இதைச் செய்தது. அமெரிக்க உதவி கிடைக்காது என்று தெரிந்தே செய்தது. இலங்கைக்கு இது கைகூடியதற்குத் துணிவு ஒரு பாதி. மறு பாதி, அது தீவு. கப்பலுக்கு எந்த அண்டை நாட்டின் வாயிலும் குறுக்கே இல்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. உறுதியான மக்கள் ஒற்றுமை இருந்தால் எந்த முற்றுகையையும் தாங்கலாம் என்பார்கள். 2015இல் காட்மாண்டு மக்கள் விறகடுப்பில் சமைத்துத் தாங்கினார்கள்தான். ஆனால் அதே நாட்டின் தராய் மக்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள். இறையாண்மையின் பெயரால் உள்நாட்டுக் குறையை மூடினால், அண்டை நாடு நுழையும் கதவு அங்கேயே திறக்கிறது. வடக்கெல்லைப் போராட்டத்தில் இந்தத் தவறு பெரும்பாலும் நேராததற்குப் படாஸ்கரின் அளவுகோல் துணையாயிற்று. கிராமவாரியாக மொழிப் பெரும்பான்மை பார்க்கப்பட்டதால் கோஷத்துக்கு மேல் ஓர் ஆவணம் நின்றது.

அந்த ஆவணம் நிலத்துக்கு மட்டும் எழுதப்பட்டது. கொசஸ்தலைக்கும் ஒன்று எழுதப்பட வேண்டும். கிருஷ்ணாபுரம் அணையின் திறப்பு அட்டவணை, பள்ளிப்பட்டுக்கு முன்னறிவிப்பு தர வேண்டிய நேரம், பூண்டிக்கு வர வேண்டிய குறைந்தபட்ச அளவு ஆகிய மூன்றையும் எண்களில் குறித்து, இரண்டு மாநிலங்களும் ஒப்பமிடும் உடன்பாடு தேவை. மேலே புதிய அணை எழும்புவதற்கு முன்பே அதைக் கேட்டுப் பெறத் தமிழ்நாட்டரசு முனைய வேண்டும்.