ஸ்டார்ட் பண்ணாதீங்க, பெயின்ட் அடிக்காதீங்க! - தாத்தா விட்டுச்சென்ற மஸில் காரை மீட்பது எப்படி?

'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' முதல் படத்தில் (2001) வரும் அந்த ஷெட் காட்சி ஞாபகம் இருக்கிறதா? டொமினிக் டொரெட்டோ கதவைத் திறந்து காட்டுவார். உள்ளே கறுப்பு நிறத்தில் 1970 மாடல் டாட்ஜ் சார்ஜர். அவரும் அவருடைய அப்பாவும் சேர்ந்து உருவாக்கிய கார். அப்பா இறந்துவிட்டார், கார் மட்டும் அங்கேயே நிற்கிறது.

சினிமாவில் அந்த கார் பளபளவென்று நிற்கும். நிஜத்தில் அப்படி இருக்காது. அமெரிக்கக் கிராமப்புறங்களில் வைக்கோல் கொட்டகையிலும் வீட்டு ஷெட்டிலும் பல வருஷம் தூங்கிய கார்கள் அவ்வப்போது வெளியே வரும். காற்று இறங்கிய டயர், சீட்டுக்குள் எலிக்கூடு, டேங்கில் கெட்டுப்போன பெட்ரோல் என்றுதான் இருக்கும். இப்படிக் கிடைக்கும் கார்களுக்கு அங்கே 'பார்ன் ஃபைண்ட்' என்று தனிப்பெயரே உண்டு. அவற்றில் பலவும் தாத்தா, அப்பா, மாமா என்று யாரோ ஒருவர் விட்டுச்சென்றவை.

அப்படி ஒரு காரின் சாவி உங்கள் கைக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் நாளே இரண்டு ஆசை வரும். ஒன்று, பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது. இன்னொன்று, நல்ல பெயின்ட் அடித்து இன்ஸ்டாவில் போடுவது. இரண்டையும் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மஸில் கார் என்றால் என்ன?

நடுத்தர சைஸ் கார், இரண்டு கதவு, உள்ளே பெரிய கார்களுக்கான வி8 இன்ஜின், விலை மட்டும் இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும். இதுதான் ஃபார்முலா. 1964-ல் போன்டியாக் நிறுவனம், டெம்பெஸ்ட் காரில் 6.4 லிட்டர் இன்ஜினைத் தூக்கி வைத்து 'ஜி.டி.ஓ' என்று விற்றது. 325 குதிரைத்திறன். இங்கிருந்துதான் மஸில் கார் காலம் தொடங்கியது என்பார்கள். அதே வருஷம் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. அது சைஸில் சின்னது என்பதால் 'போனி கார்' என்று பிரித்துச் சொல்பவர்களும் உண்டு. சார்ஜர், செவெல், கமேரோ எல்லாம் அடுத்தடுத்து வரிசை கட்டின.

பத்து வருஷத்துக்குள் ஆட்டம் முடிந்தது. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகை விதிகள் இறுகின, 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பிறகு இவையெல்லாம் வெறும் 'பழைய கார்' ஆகின. ஷெட்டுக்குள் போனது அப்படித்தான்.

ஒரு டிப்ஸ்: 1971 வரையிலான விளம்பரங்களில் இருக்கும் குதிரைத்திறனை அப்படியே நம்ப வேண்டாம். இன்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து, சைலன்ஸர், ஏர் ஃபில்டர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்த கணக்கு அது. காரில் மாட்டிய நிலையில் அளக்கும் முறை 1972-ல்தான் பரவலானது.

ஒரே படம், இரண்டு மஸ்டாங், இரண்டு தலையெழுத்து!

1968-ல் வந்த 'புல்லிட்' படத்தின் கார் சேஸிங் காட்சி உலகப் புகழ். சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடு பள்ளங்களில் கரும்பச்சை மஸ்டாங் ஜி.டி பறக்கும். ஹீரோ ஸ்டீவ் மெக்வீன். படத்துக்காக அடுத்தடுத்த சீரியல் நம்பரில் இரண்டு கார்கள் வாங்கப்பட்டன. ஒன்று ஸ்டன்ட்டுக்கு, இன்னொன்று ஹீரோவுக்கு.

ஹீரோ காரை 1974-ல் ராபர்ட் கியர்னன் என்பவர் பத்திரிகை விளம்பரம் பார்த்து வாங்கினார். அவர் மனைவி அதை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். 1977-ல் ஸ்டீவ் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் கியர்னன் விற்கவில்லை. 1980-ல் கிளட்ச் போனது. கார் ஷெட்டுக்குள் போனது. பின்னாளில் தந்தையும் மகன் ஷானும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். ஆனால், முடிவதற்குள் 2014-ல் ராபர்ட் இறந்துவிட்டார். மகன் காரை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். ஆனால், மங்கிய பெயின்ட்டையும் துருவையும் அப்படியே விட்டுவிட்டார். படப்பிடிப்பில் கேமரா பொருத்துவதற்காக அடியில் செய்யப்பட்ட வெல்டிங் அடையாளங்கள்கூட அழியவில்லை. 2018-ல் கார் உலகத்தின் பார்வைக்கு வந்தது. 2020 ஜனவரி ஏலத்தில் கமிஷனோடு சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போனது.

இன்னொரு கார்? ஸ்டன்ட்டில் அடிபட்டு, எங்கே போனதென்றே தெரியாமல் இருந்தது. பல வருஷம் கழித்து மெக்ஸிகோவில் வெள்ளை பெயின்ட்டோடு கிடைத்தது. வாங்கியவர் அதை 'கான் இன் 60 செகண்ட்ஸ்' படத்தில் வரும் 'எலெனார்' மாதிரி மாற்ற நினைத்திருந்தார். நம்பரைச் சரிபார்த்தபோதுதான் இது புல்லிட் கார் என்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஒரு வரலாறு, இன்னொரு படத்தின் நகலாக மாறியிருக்கும்.

எல்லா ஷெட்டிலும் புல்லிட் கார் இருக்காது. ஆனால், பாடம் எல்லா காருக்கும் ஒன்றுதான்: திரும்பக் கொண்டுவர முடியாத எதையும் முதலில் செய்யாதீர்கள்.

ஸ்டெப் 1: முதலில் நம்பர், பிறகு ஸ்பானர்

காரின் அடையாள எண்தான் அதன் ஜாதகம். புல்லிட் ஹீரோ காரின் எண் இப்படித் தொடங்கும்: 8 - ஆர் - 02 - எஸ். '8' என்றால் 1968 மாடல். 'ஆர்' என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை. '02' என்றால் பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் பாடி. 'எஸ்' என்றால் 6.4 லிட்டர் வி8 ஜி.டி இன்ஜின். அதன் பிறகு ஆறு இலக்க சீரியல் நம்பர். சாதாரண ஆறு சிலிண்டர் காரா, அபூர்வமான வி8 காரா என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும்.

1967-லிருந்து வந்த ஃபோர்டு கார்களுக்கு 'மார்ட்டி ரிப்போர்ட்' என்று ஒன்று வாங்கலாம். கார் எந்த கலரில், என்னென்ன ஆப்ஷன்களோடு தொழிற்சாலையிலிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். போன்டியாக்குக்கும் இப்படிப் பழைய பதிவுகள் கிடைக்கின்றன.

இன்ஜினில் பொறித்த நம்பரையும் பாருங்கள். காரோடு பிறந்த இன்ஜின் இன்னும் உள்ளே இருந்தால் மதிப்பே வேறு. அந்த இடத்தைத் தேய்த்து 'க்ளீன்' பண்ணிவிட்டால் சாட்சியே போய்விடும்.

கூடவே, 'டைட்டில்' எனப்படும் உரிமைப் பத்திரத்தை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். விதிமுறை மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் பங்கு இருந்தால், செலவு செய்வதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்வது நல்லது. கார் ரெடியான பிறகு பேசினால் சண்டைதான்.

டேஷ்போர்டில் கிடக்கும் பெட்ரோல் பில், சர்வீஸ் ரசீது, தாத்தா கையெழுத்தில் ஆயில் மாற்றிய தேதி... எதையும் தூக்கிப் போடாதீர்கள். காரின் கதை அதில்தான் இருக்கிறது.

ஸ்டெப் 2: ஸ்டார்ட் பண்ணாதீங்க!

நின்றுபோன இன்ஜினுக்குள் என்ன நடந்திருக்கும்? சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் கீழே வடிந்திருக்கும். அந்த இடத்தில் துரு பிடித்து, பிஸ்டன் ரிங் சுவரோடு ஒட்டியிருக்கலாம். இந்த நிலையில் செல்ஃப் போட்டால் ரிங் உடையலாம், சிலிண்டரில் கோடு விழலாம். சரியாகிவிடக்கூடிய இன்ஜினை நாமே கொன்றதாகிவிடும்.

வரிசை இதுதான்:

* ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி, போனில் செருகும் சின்ன எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள்.
* ஒவ்வொரு சிலிண்டரிலும் துருவை இளக்கும் ஆயில் கொஞ்சம் விட்டு, சில நாள் ஊறவிடுங்கள்.
* கிராங்க் ஷாஃப்ட் போல்ட்டில் நீளமான ஸ்பானர் மாட்டி, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். மறுபடி ஊறவிடுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் இன்ஜினை இறக்க வேண்டியதுதான்.
* ஏர் ஃபில்டரிலும் சைலன்ஸரிலும் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.
* டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வெளியேற்றுங்கள். அது பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டரை அடைத்திருக்கும். ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால், அந்தக் கால ரப்பருக்கு ஆகாது.
* புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, முதலில் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். தீயணைப்பு சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அந்தக் கால இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தவை. அமெரிக்காவில் 1996-லிருந்து சாலை வாகனங்களுக்கு அந்தப் பெட்ரோல் கிடையாது. அதனால், சிலிண்டர் ஹெட் வேலைக்கு லேத்துக்குப் போகும்போதே கடினமான வால்வு சீட் போட்டுவிடுவது வழக்கம்.

ஸ்டெப் 3: இன்ஜினைவிடப் பெரிய எதிரி துரு

இன்ஜின் போனால் வேறு இன்ஜின் கிடைக்கும். துருதான் பர்ஸைக் காலி செய்யும். அதிலும் பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் வடக்கு மாகாணங்களில் ஓடிய கார் என்றால் அடிப்பாகம் அரித்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

செவெல் போன்ற கார்களில் தனி சேஸி இருக்கும். மஸ்டாங்கில் பாடியேதான் சேஸி. அதனால், தரையில் துரு என்றால் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் விரிசல் மாதிரி. முக்கியமாக, முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் அறையைப் பாருங்கள். அங்கே துருப்பிடித்து ஓட்டை விழுவது 60-களின் மஸ்டாங்கின் பிரபலமான நோய். வெளியே கண்ணுக்குத் தெரியாது. ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றினால், உள்ளே கார்ப்பெட் நனைவதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

சின்ன காந்தம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடியில் ஒட்டாத இடத்தில், பெயின்ட்டுக்கு அடியில் பட்டி பூசி எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மஸ்டாங் போன்ற பிரபல மாடல்களுக்கு ஃப்ளோர் முதல் முழு பாடி வரை புதிதாகவே செய்து விற்கிறார்கள். ஆனால், டிங்கரிங், பெயின்ட், க்ரோம் மூன்றும்தான் பட்ஜெட்டை விழுங்கும். சாதாரண மாடல் என்றால், செலவு காரின் சந்தை விலையையே தாண்டிவிடலாம். 'லாபத்துக்காக இல்லை, தாத்தாவுக்காக' என்ற தெளிவு இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

ஸ்டெப் 4: ஓடுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும்

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வருஷக்கணக்கில் நின்ற காரில் பிரேக் பைப்பும் சிலிண்டரும் உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கும். அதனால், ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாமே புதுசு போடுவதுதான் சேஃப். 1967-க்கு முந்தைய கார்களில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஓர் இடத்தில் லீக் ஆனால் மொத்த பிரேக்கும் போச்சு. இரட்டை லைனுக்கு மாற்றிவிடுவது நல்லது.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பழைய ரப்பர் வெடிக்கும். வயரிங்கையும் அடி முதல் நுனி வரை பாருங்கள். எலி கடித்த ஒரு வயர் போதும், மொத்த காரும் எரிந்துபோகும்.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கால பிரேக் ஷூவிலும் கிளட்ச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது. மாஸ்க் போட்டு, ஈரப்படுத்தித் துடைக்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். எமெரி பேப்பர் போடும்போதும் அதே ஜாக்கிரதை வேண்டும்.

ஸ்டெப் 5: இப்போது முடிவெடுங்கள்

கார் ஓடுகிறது, நிற்கிறது. இனிதான் தோற்றம். மூன்று வழிகள்:

அப்படியே காப்பது: ஓட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் தேவையானதை மட்டும் செய்து, பெயின்ட், சீட் எல்லாவற்றையும் இருந்தபடி விடுவது. கியர்னன் குடும்பம் செய்தது இதுதான். செலவு குறைவு, அசல் அப்படியே இருக்கும்.

ஷோரூம் கண்டிஷன்: தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி போல்ட் வரை திரும்பக் கொண்டுவருவது. அழகு, ஆனால் பணமும் பொறுமையும் மிக அதிகம் வேண்டும்.

ரெஸ்டோமாட்: வெளியே பழசு, உள்ளே புதுசு. டிஸ்க் பிரேக், ஃப்யூல் இன்ஜெக்‌ஷன், ஏ.சி எல்லாம் வரும். தினமும் ஓட்ட ஆசை என்றால் இது. போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடிய மாற்றம் என்றால் பயமில்லை. வெட்டி வெல்டிங் செய்கிற மாற்றம் என்றால் நூறு முறை யோசியுங்கள். கழற்றிய அசல் பாகங்களைப் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

எந்த வழி என்றாலும் ஒரு ரூல்: மொத்தமாகப் பிரித்துப் போடாதீர்கள். பிரேக் என்றால் பிரேக்கை முடித்துவிட்டு அடுத்தது. கழற்றும் முன் போட்டோ, கழற்றிய பின் நட்டு போல்ட்டைக் கவரில் போட்டு லேபிள். பல ரெஸ்டோரேஷன்கள் பணம் இல்லாமல் மட்டும் நிற்பதில்லை; நாற்பது டப்பாவில் கிடக்கும் எந்த போல்ட் எங்கே போகும் என்று தெரியாமலும் நிற்கின்றன. ஷெட்டில் தூங்கிய முழு காரை எழுப்பிவிடலாம். டப்பாவில் தூங்கும் காரை எழுப்புவதுதான் கஷ்டம்.

பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். தாத்தா கை பட்டுத் தேய்ந்த ஸ்டீயரிங்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது!