ரப்பர் பேண்டும் பிளாஸ்டிக் உறையும்

டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட பேஸ்பால் அட்டை வரிசையில் முதல் எண் ஆண்டி பாஃப்கோவுக்கு. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் நல்ல ஆட்டக்காரர். ஆனாலும் மிக்கி மேன்டில், வில்லி மேஸ், ஜாக்கி ராபின்சன் என்று ஜாம்பவான்களைச் சொல்லும் மூச்சில் யாரும் அவர் பெயரைச் சேர்ப்பதில்லை. அப்படிப்பட்டவரின் அட்டை கசங்காமல் கிடைத்துவிட்டால் சேகரிப்பாளர்கள் பெரும் பணம் கொடுக்கிறார்கள். அன்றைய பையன்கள் அட்டைகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தார்கள். மேலே இருந்த பாஃப்கோவின் விளிம்பை ரப்பர் பேண்ட் அறுத்தது. அடியில் இருந்த 407ஆம் எண் எடி மாத்யூஸுக்கும் அதே கதி. நடுவில் இருந்தவர்கள் தப்பினார்கள்.

அப்பர் டெக் என்ற புதிய நிறுவனம் 1989இல் தன் முதல் வரிசையைக் கொண்டுவந்தது. அதன் முதல் எண் கென் கிரிஃபி ஜூனியர். அட்டை அச்சானபோது மேஜர் லீக் எனும் பெரிய லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடியிராத இளைஞன். அந்த அட்டை கையில் வந்ததும் பையன்கள் செய்த முதல் வேலை, விரல் படாமல் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளியது. ரப்பர் பேண்டுக்கு அங்கே இடமே இல்லை. முப்பத்தேழு ஆண்டு இடைவெளியில் நிற்கும் இந்த இரண்டு முதல் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அமெரிக்கப் பையன்களின் இரண்டு தலைமுறைச் சிறுபிராயம் தெரிகிறது.

முதல் தலைமுறைக்கு அட்டை என்பது சூயிங் கம்மோடு வந்த இணைப்பு. டாப்ஸ் விற்றது கம். அட்டை அதற்குத் தூண்டில். ஐந்து சென்ட் கொடுத்தால் மெழுகுத்தாள் சுற்றிய பொட்டலம், உள்ளே மாவு பூசிய இளஞ்சிவப்புக் கம் பட்டை, சில அட்டைகள். 1952 வரிசையை வடிவமைத்தவர்களில் ஒருவரான சை பெர்கர், புரூக்ளின் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அதைச் செய்தார். முன்புறம் வண்ணப் படம், கையெழுத்து, அணிச் சின்னம். பின்புறம் வீரரின் வரலாறும் போன ஆண்டுக் கணக்கும் மொத்தக் கணக்கும். இன்றைக்கு இது சாதாரணம். அன்றைக்கு அப்படியல்ல. 1952இல் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்குக் கரையில் பெரிய லீக் அணிகள் இருந்த ஒரே நகரம் செயின்ட் லூயிஸ். கலிஃபோர்னியாவில் வளர்ந்த பையன் தன் நாயகனை மைதானத்தில் பார்க்க வழியில்லை. வானொலியில் பெயரைக் கேட்பான், நாளிதழில் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்ப்பான். அந்த ஆட்டக்காரரின் சட்டை நிறமும் தோலின் நிறமும் அவனுக்குத் தெரியவந்தது இந்த அட்டையில். பின்புறத்து எண்களை அவன் மனப்பாடம் செய்ததில் வியப்பில்லை. வேறு எங்கே போய்ப் படிப்பான்?

1989 பையனுக்கு அந்தப் பசி கிடையாது. வீட்டில் கேபிள் தொலைக்காட்சி, நாளிதழில் முழுப்பக்கப் புள்ளிவிவரம். அவன் மனப்பாடம் செய்தது வேறு எண்களை. புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பெக்கெட் 1984இல் மாதப் பத்திரிகையாகவே கொண்டுவந்துவிட்ட விலைப்பட்டியல் அது. எந்த அட்டை ஏறுகிறது, எந்த அட்டை இறங்குகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். இரண்டு பையன்கள் அட்டை மாற்றிக்கொள்ள உட்கார்ந்தால் நடுவில் அந்தப் பத்திரிகை விரிந்திருக்கும்.

பண்டமாற்றின் இலக்கணமே இங்கே மாறிவிட்டது. 1952இல் புரூக்ளின் பையனிடம் ஒரு டாட்ஜர்ஸ் அட்டையைக் கேட்டால், எதிரணியான யாங்கீஸின் இரண்டு மூன்று அட்டைகளைக் கொடுத்தாலும் இறங்கிவர மாட்டான். விலை என்பது அவனவன் விசுவாசத்தில் இருந்தது. தெருவுக்குத் தெரு மாறியது. 1989இல் நாடு முழுக்க ஒரே விலை. சியாட்டிலில் இருப்பவனுக்கும் பாஸ்டனில் இருப்பவனுக்கும் கிரிஃபி ஒரே தொகைதான். ஏமாற்றப்படும் வாய்ப்பு குறைந்தது உண்மை. அடம்பிடிக்கும் உரிமையும் கூடவே போனது.

இதை வைத்து முந்தியவர்கள் வெகுளிகள், பிந்தியவர்கள் வியாபாரிகள் என்று எழுதுவது அமெரிக்க விளையாட்டு எழுத்தில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பாதிதான் ஏற்புடையது. 1950களின் பையன்கள் அட்டையைச் சுண்டி விட்டு, தலையா பின்புறமா என்று பார்த்து எதிராளியின் அட்டையைக் கைப்பற்றினார்கள். சுவரை நோக்கி வீசி, யாருடைய அட்டை நெருக்கமாக விழுந்ததோ அவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டான். பச்சையான சூதாட்டம். தீப்பெட்டிப் படம் வைத்து ஆடித் தோற்று வீடு திரும்பியவர்களுக்கு இதில் வெகுளித்தனம் எவ்வளவு என்று தெரியும். வேண்டாத ஆட்டக்காரரைத் துணி கிளிப்பால் சைக்கிள் சட்டத்தில் பொருத்தி, சக்கரக் கம்பிகளில் பட்டு மோட்டார் சைக்கிள் போலச் சத்தம் வரச் செய்தார்கள். ஆசை அவர்களுக்கும் குறைவில்லை. அட்டையைத் தேயவிடுவது அந்த ஆசையின் ஒரு பகுதியாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவர்கள் கல்லூரிக்கோ பட்டாளத்துக்கோ போனார்கள். அம்மாக்கள் அறையை ஒழித்தபோது ஷூ பெட்டியையும் குப்பையில் போட்டார்கள். அந்தத் தலைமுறையின் அட்டை நினைவுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. பாவம், அம்மாக்கள் இன்றுவரை வசவு வாங்குகிறார்கள். ஆனால் அட்டையை அழித்ததில் டாப்ஸுக்கும் பங்குண்டு. 1952 வரிசையின் கடைசித் தொகுதி, 311 முதல் 407 வரை, பருவம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்தது. பையன்கள் அதற்குள் பள்ளிக்கும் கால்பந்துக்கும் திரும்பிவிட்டார்கள். மிச்சமானவை கிடங்கில் கிடந்தன. கடைசியில் 1960இல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக பெர்கரே சொல்லியிருக்கிறார். 311ஆம் எண் மிக்கி மேன்டில். அந்த அட்டைகளில் மிக நல்ல நிலையில் இருந்த ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. இத்தனைக்கும் அது மேன்டிலின் முதல் அட்டைகூட அல்ல. 1952க்கு முந்திய ஆண்டே பௌமன் நிறுவனம் அவருடைய அட்டையை வெளியிட்டுவிட்டது.

இரண்டு தலைமுறைகளும் சந்திக்கும் இடம் இந்த இழப்புதான். 1980களில் முதல் தலைமுறைக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. கையில் காசும் மனத்தில் இழப்பும் இருந்தன. தொலைத்ததைத் திரும்ப வாங்க அவர்கள் போட்டியிட்டதில் பழைய அட்டைகளின் விலை ஏறியது. அப்போது வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். “பத்திரமாக வை, நான் செய்த தப்பைச் செய்யாதே” என்று அப்பன்மார் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே பிள்ளைகளின் பேராசை என்று சொல்லப்படுவது அவர்களாகக் கண்டுபிடித்ததல்ல. அப்பாவின் வருத்தத்தைப் பிள்ளை முன்னெச்சரிக்கையாக வாங்கிக்கொண்டான்.

நிறுவனங்களுக்கு இது நன்றாகப் புரிந்தது. டாப்ஸின் ஏகபோகத்தை எதிர்த்து ஃப்ளீர் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில் 1980இல் வந்த தீர்ப்பு சந்தையைத் திறந்துவிட, அடுத்த ஆண்டே ஃப்ளீரும் டான்ரஸ் என்ற இன்னொரு நிறுவனமும் களத்தில் இறங்கின. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. அட்டையோடு கம் விற்கும் உரிமை டாப்ஸிடமே நின்றது. போட்டியாளர்கள் ஸ்டிக்கரும் படப்புதிர்த் துண்டுகளும் வைத்து விற்றார்கள். இனி யார் கம்முக்காக வாங்கினார்கள்? கம்மே தொல்லையாகிவிட்டது, கூட இருக்கும் அட்டையில் கறை விட்டு விலையைக் குறைத்தது. 1990களின் தொடக்கத்தில் டாப்ஸும் கம்மைக் கைவிட்டது. மறுபுறம் அச்சு இயந்திரங்கள் ஓய்வில்லாமல் ஓடின. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அரிதாகவில்லை. 1994இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் நடக்காமலே போனதும், ஏற்கெனவே தள்ளாடிய சந்தை இன்னும் சரிந்தது. கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும் என்று சேர்த்த பெட்டிகள் பரணிலேயே தங்கின.

பண அளவில் இரண்டாம் தலைமுறை தோற்றதாகத்தான் எல்லோரும் கணக்கு முடிக்கிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. முதல் தலைமுறைக்காரர், எழுபது எண்பது வயதில், மறுபடி ஒரு 1952 பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டால் ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். வாங்கிவிட்டாலும் பிரிக்க மனம் வராது. மகனுக்கு அந்தத் தடை இல்லை. பிரிக்காத 1987, 1990 பெட்டிகள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. நடுவயதுக்காரர்கள் அவற்றை வாங்கி, சமையலறை மேசையில் தம் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கிழிக்கிறார்கள். 1987 டாப்ஸின் மரப்பலகை போன்ற ஓரங்கள் அப்படியே வெளியே வருகின்றன. கம் பட்டை மட்டும் தொட்டதும் நொறுங்குகிறது. அதையும் வாயில் போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு.