அணையில் தூர் சேர்ந்தால் தண்ணீர் மட்டும்தான் குறையுமா? மடையும் சுவரும் என்னாகும்?

சிவகாசிக்குக் குடிநீர் தரும் வெம்பக்கோட்டை அணை, வைப்பாற்றின் குறுக்கே உள்ளது. முழு நீர்மட்டம் 24 அடி. மழை பெய்து அணை நிரம்பினால் ஊருக்கே நிம்மதி. ஆனால் எந்த அணையானாலும், கண்மாயானாலும் அளவுகோல் காட்டுவது நீர்மட்டத்தை மட்டும்தான். அடியில் எவ்வளவு மண் கிடக்குதுன்னு அது சொல்லாது.

தூர் எங்கே சேரும்?

மழைத் தண்ணீர் வேகமாக ஓடும்வரை மண்ணையும் சுமந்து வரும். தேங்கும் இடத்தில் வேகம் அடங்கியதும், கனமான மணல் நீர் நுழையும் பக்கமே தங்கிவிடும். மெல்லிய வண்டல் மட்டும் உள்ளே போய், கரையையும் மடையையும் ஒட்டிப் படியும்.

மடைக்கு என்ன ஆபத்து?

மடையின் வாய் தாழ்வான இடத்தில் இருக்கும். அது அடைபட்டால், தண்ணீர் இருந்தும் வயலுக்கு வராது. ஷட்டரின் அடியில் சகதி இறுகினால் தூக்குவது சிரமம். கல், குச்சி சிக்கினால் முழுசா மூடாது, கசியும். வெள்ள நேரத்தில் ஷட்டர் ஏறாமல் நின்றால் தண்ணீர் கரைக்கு மேலே வழியும். மண் கரையை உடைக்க அதுவே போதும்.

சுவருக்கு?

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. கான்கிரீட் அணைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 6512, வண்டல் படிந்த ஆழத்தில் பக்கவாட்டு அழுத்தத்தைக் கணக்கிட இதை 1,360 கிலோவாக எடுக்கச் சொல்கிறது. அதாவது, அந்த ஆழத்துக்குக் கணக்கில் எடுக்கும் எடை 36 சதவீதம் கூடுதல்; சுவரைத் தள்ளும் விசையும் கூடும்.

அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்?

பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் குமிழித் தூம்பு என்ற கல் மடை இருந்தது. மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. மேல் துளையின் அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் இறங்கும் வேகத்தில், கீழ்த் துளை வழியே சேறும் கலந்து வெளியேறும். பாசனம் நடக்கும்போதே மடை வாய் சுத்தமாகும், வண்டலும் வயலுக்குப் போய்ச் சேரும்.

இப்போ என்ன வழி?

தூர்வாருவதுதான். வண்டலை விவசாயிகள் அனுமதி பெற்று இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி செய்துள்ளது. ஆனால் கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரை சரியும், கசிவும் தொடங்கும். நடுவில் மட்டும் பள்ளம் எடுத்து மடை வாயை விட்டுவிட்டாலும் பிரச்சினை தீராது. எவ்வளவு மண் எடுத்தார்கள் என்பதோடு, எங்கே எடுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.