பல ஊர்களுக்கு ஓர் ஏரி

ஊர்களுக்கு எல்லைகள் உண்டு, நீருக்கு இல்லை. ஒரு கரையில் கலக்கும் கழிவு மறுகரையையும் சென்றடையும். எளிய இவ்வுண்மையை அமெரிக்காவின் சியாட்டில் நகரமும் அதன் அண்டை ஊர்களும் பெருந்தயக்கத்திற்குப் பின்னரே ஏற்றன. அவ்வரலாறு நம் சிந்தனைக்கும் உரியது.

சியாட்டிலுக்குக் கிழக்கே நீண்டு கிடப்பது வாஷிங்டன் ஏரி. அதன் கரைகளில் கர்க்லண்ட், பெல்வியூ, ரென்டன் முதலிய ஊர்கள் உள்ளன. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் மக்கள்தொகை பெருகவே, கரையோரத்தில் கழிவுநீர் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சுத்திகரித்த நீரையே அவை ஏரியில் விட்டன. ஆயினும் அந்நீரில் கரைந்திருந்த பாஸ்பரஸ் பாசிக்கு உரமாயிற்று. எந்த ஊரும் தீங்கு செய்ய எண்ணவில்லை. தன் கடமை முடிந்தது என்றே ஒவ்வொன்றும் கருதியது.

1955இல் வாஷிங்டன் பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் எட்மண்ட்சனும் அவருடன் பணியாற்றியோரும் ஏரியில் ஒருவகைப் பாசியைக் கண்டனர். சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரி சீரழியத் தொடங்கியபோது அங்கும் தோன்றிய பாசி அது. வரவிருந்த கேட்டை அவர் உணர்ந்து எச்சரித்தார். ஜேம்ஸ் எல்லிஸ் என்னும் வழக்கறிஞர், ஊர்கள் அனைத்துக்கும் பொதுவான ஓர் அமைப்பு வேண்டுமென வாதிட்டார். 1957இல் மாநிலச் சட்டமன்றம் அதற்கு வழிவகுத்தது.

1958 மார்ச்சில் மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. நகரத்திலும் நகரத்திற்கு வெளியிலும் தனித்தனியே பெரும்பான்மை தேவை. சியாட்டில் இசைந்தது, அண்டை ஊர்கள் மறுத்தன. கழிவுநீரோடு போக்குவரத்தும் நகர்த்திட்டமும் அதே அமைப்பின் கைக்குச் செல்லவிருந்தன. பெருநகரம் தங்களை விழுங்கிவிடுமோ என்னும் அச்சம் சிற்றூர்களுக்கு இருந்தது.

திட்டத்தை வகுத்தவர்கள் அவ்வச்சத்தை எள்ளி நகையாடவில்லை. போக்குவரத்தையும் நகர்த்திட்டத்தையும் நீக்கி, கழிவுநீர்ப் பணியை மட்டும் முன்வைத்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் நகரமும் அண்டை ஊர்களும் ஒருசேர இசைந்தன. 'மெட்ரோ' என்னும் பொது அமைப்பு பிறந்தது.

பலன் உடனே கிட்டவில்லை. குழாய்கள் அமைக்கப்பட்ட ஆண்டுகளில் ஏரி மேலும் கலங்கியது. மக்களோ கட்டணம் செலுத்திக் காத்திருந்தனர். 1963இல் கழிவுநீரைத் திருப்பும் பணி தொடங்கி 1968இல் நிறைவுற்றது. ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம்வரை மட்டுமே தெளிந்திருந்த நீர், 1970களின் பிற்பகுதியில் ஆறு, ஏழு மீட்டர்வரை தெளிந்தது. திருப்பப்பட்ட நீர், சுத்திகரிப்புக்குப் பின் கடலைச் சேர்ந்தது. ஏரியின் நலனுக்கான சுமையில் ஒரு பங்கைக் கடல் ஏற்றது என்பதையும் நாம் மறைக்கலாகாது.

1972இல் அதே மக்கள் போக்குவரத்துப் பொறுப்பையும் மெட்ரோவிடம் ஒப்படைத்தனர். 1958இல் கேட்டும் கிடைக்காத நம்பிக்கை, ஏரி தெளிந்தபின் தானே வந்தது. 1994இல் மெட்ரோ, கிங் மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்தது. கழிவுநீர்ப் பணி இன்றும் தொடர்கிறது.

பொதுநன்மைக்கென ஒன்றுகூடும்போது வலியவர் தம் விருப்பத்தைச் சுருக்கிக்கொள்ளவும், எளியவர் தம் அச்சத்தைக் கடந்து வரவும் வேண்டியிருக்கிறது. இவ்விரண்டில் எது முதலில் நிகழ வேண்டும் என்பதை அவ்வாண்டின் இரு வாக்கெடுப்புகளும் நமக்கு உணர்த்துகின்றன.