அட்டிலில் புகுந்த புதுமைகள்

மன்னர் வென்ற போர்களைக் கல்வெட்டுகள் கூறும். புலவர் பாடிய பாக்களை ஏடுகள் கூறும். வணிகர் சென்ற வழிகளைக் காசுகளும் மட்கலங்களும் கூறும். ஆயின், ஓர் இல்லத்தின் அட்டிலில் ஒருத்தி முதன்முதலாக ஒரு புதிய காயை நறுக்கிப் புளிநீரில் இட்டு, "இது நம்மவர் நாவுக்கு ஏற்குமோ, ஏலாதோ?" என்று ஐயுற்று நின்ற பொழுதை எந்தக் கல்லும் கூறவில்லை. அவள் துணிந்திராவிடின், இன்று நாம் உண்ணும் உணவில் பாதி நமக்குக் கிட்டியிராது. வீட்டாருக்கும் விருந்தினருக்கும் புதியன சமைத்துப் பார்த்தவர்களின் வரலாறு, பெயர் எழுதப்படாதவர்களின் வரலாறு. அதன் சுவடுகள் சிலவற்றைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கச் சான்றோர் அடுக்களையைப் பாடுபொருளாகக் கொள்ளத் தயங்கியவர் அல்லர். குறுந்தொகையின் 167-ஆம் பாட்டு இதற்குச் சான்று. பாடியவர் கூடலூர் கிழார். மணமாகித் தனிமனை புகுந்த மகளைக் கண்டு திரும்பிய செவிலி, அங்குத் தான் கண்டதை நற்றாய்க்கு உரைக்கிறாள். தயிரைப் பிசைந்த கையைக் கழுவவும் பொழுதின்றி, தாளிப்பின் புகை கண்ணில் நிறையத் தானே துழந்து சமைத்த புளிக்குழம்பைக் கணவனுக்குப் படைக்கிறாள் அம்மகள். அவன் இனிது என்கிறான். அவள் முகம் மிக நுண்ணிதாக மலர்கிறது. தாய்வீட்டில் செல்வமாய் வளர்ந்தவள், புதிய இல்லத்தில் தன் கைத்திறனை ஒருவன் நாவின்முன் வைக்கும் தேர்வு அது. அத்தேர்வின் அச்சமும் வெற்றியும் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குப் புரிகின்றன அல்லவா?

சமையலுக்கு நூல் உண்டு என்பதையும் முன்னோர் அறிந்திருந்தனர். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் அளித்த விருந்தைச் சொல்லும்போது, வீமன் இயற்றிய மடைநூலின் நெறி தவறாது ஆக்கிய பலவகை அடிசில் அது என்கிறது. ஆக, அரண்மனை மடைப்பள்ளிக்கு நூல் வழிகாட்டியது. குடிமக்களின் இல்லத்திலோ நூல் இல்லை. அங்குத் தாயின் கை மகளுக்கு நூல். மாமியாரின் கண் மருமகளுக்கு உரை. இந்த இருவகை நெறிகளுள் புதுமை மிகுதியும் நுழைந்த வாயில் எது? அரண்மனையா, இல்லமா? இதற்கு விடை காணப் பழைய அட்டிலில் என்ன இருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுணனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு இதற்குப் பெருந்துணை புரிகிறது. இறைவனுக்குப் படைக்கவேண்டிய அமுதுக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, நெய், தயிர், வாழைப்பழம், சருக்கரை எவ்வளவு என்று அது கணக்கிட்டுரைக்கிறது. காயம் என்னும் தலைப்பில் மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி ஆகியவற்றைக் குறிக்கிறது. கூர்ந்து நோக்குமின்! அப்பட்டியலில் மிளகாய் இல்லை. இருக்கவும் இயலாது. 1492-இல் கொலம்பசு அமெரிக்கக் கரை சேர்ந்து, 1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்த பின்னரே, போர்ச்சுக்கீசியர் வாயிலாக மிளகாய் இந்நாட்டுக்கு வந்தது.

அதற்கு நம்மவர் இட்ட பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. அறியாத பொருளை அறிந்த பொருளோடு சார்த்திப் பெயரிடுதல் மக்கள் இயல்பு. மிளகைப்போல் உறைக்கும் காய் ஆதலின் 'மிளகாய்' என்றனர். பரங்கியர் கொணர்ந்த காய் 'பரங்கிக்காய்' ஆயிற்று. 'அன்னாசி' போர்ச்சுக்கீசியர் வழங்கிய பெயரின் தமிழ் வடிவம். நீலகிரியில் 1819-க்குப் பின் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் ஊக்குவித்த மேலைநாட்டுக் காய்கள், சமவெளியின் பல இல்லங்களில் 'இங்கிலீஷ் காய்கறி' என்றே நெடுங்காலம் வழங்கின. நிலக்கடலை, மரவள்ளி, கொய்யா, பப்பாளி, சருக்கரைவள்ளி, உருளைக்கிழங்கு, தக்காளிப்பழம் ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. இவை இல்லாத தமிழர் உணவை இன்று எண்ணிப் பார்க்கவும் முடிவதில்லை.

வந்தவை எல்லாம் ஒரே நாளில் ஏற்கப்பட்டனவா எனின், இல்லை. நம் அட்டிலுக்கு நான்கு வாயில்கள் உண்டு. முதல் வாயில், வீட்டார் மட்டும் உண்ணும் அன்றாட உணவு. ஒரு பண்டம் அதில் தேறினால், இரண்டாம் வாயிலாகிய விருந்துக்குச் செல்லும். விருந்தினர் மெச்சினால் விழாவுக்கும் திருமணத்துக்கும் செல்லும். நான்காவதும் இறுதியுமான வாயில், தெய்வத்துக்கும் இறந்த முன்னோருக்கும் படைக்கும் படையல். ஒரு பண்டம் எத்தனை வாயில்களைக் கடந்திருக்கிறது என்று நோக்கினால், அது எவ்வளவு தூரம் நம்முடையதாகிவிட்டது என்பது விளங்கும்.

மிளகாயையே எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று வாயில்களை அது வெற்றியோடு கடந்தது. ஆனால் பல குடும்பங்களின் திவசச் சமையலில் இன்றும் மிளகாய்க்கு இடமில்லை, மிளகே ஆளுகிறது. உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் அங்கே தடை உண்டு. வாழைக்காயும் சேப்பங்கிழங்கும் அவரையும் பாகலும் அங்குச் செல்வாக்குடன் வீற்றிருக்கின்றன. ஒடிசாவில் பூரி சகந்நாதர் கோயிலின் மடைப்பள்ளியும் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் மிளகாயையும் ஏற்பதில்லை. இவற்றைச் சமயக் கட்டுப்பாடு என்று மட்டும் கருதுதல் போதாது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய சமையலை அழியாது காத்து வைத்திருக்கும் பேழைகள் இவை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் காண்க. தைப்பொங்கல் நம் தொன்மையான உழவர் திருநாள். அன்று பலவகைக் காய்களையும் கிழங்குகளையும் ஒருங்கே இட்டுக் குழம்போ கூட்டோ ஆக்குதல் மரபு. மொச்சையும் அவரையும் கத்தரியும் கூடும் அக்கலத்தில், பரங்கிக்காயும் சருக்கரைவள்ளிக் கிழங்கும் சிறப்பிடம் பெறுகின்றன. இவ்விரண்டும் கடல் கடந்து வந்தவை. தமிழரின் தனிப்பெரும் திருநாளில், 'இது பழைய முறை' என்று பாட்டியர் சொல்லிக் கொடுக்கும் கலத்திலேயே, ஒரு காலத்துப் புதுமைகள் கலந்து கொதிக்கின்றன! மரபு என்று நாம் போற்றுவதில் ஒரு பகுதி, யாரோ ஒரு மூதாட்டி துணிந்து செய்து பார்த்து, உண்டவர் 'நன்று' என்றதன் விளைவே.

அவள் கையாண்ட வழியும் எண்ணத் தக்கது. புதிய காயை அவள் புதிய வடிவில் படைக்கவில்லை. உருளைக்கிழங்கைப் பொடிமாஸாகவும், கோசைத் தேங்காய் தூவிய பொரியலாகவும், காரட்டை எலுமிச்சை பிழிந்த கோசுமல்லியாகவும் மாற்றினாள். பொருள் அயல், தாளிப்பு நமது. பழகிய கடுகும் கறிவேப்பிலையும் அறிமுகம் செய்து வைத்தமையால், அயற்காயை வீட்டார் அஞ்சாது உண்டனர்.

இவ்வழி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்தில் தாகூர் குடும்பத்தில் தோன்றியவரும், அசாமிய எழுத்தாளர் லட்சுமிநாத் பெஸ்பருவாவின் மனைவியுமான பிரக்ஞாசுந்தரி தேவி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஆமிஷ் ஓ நிராமிஷ் ஆஹார்' என்னும் விரிவான சமையல் நூலை வெளியிட்டார். தாமே புதிய பண்டங்களை ஆக்கி அவற்றுக்குப் பெயரிடுவதில் அவருக்கு ஆர்வம் மிகுதி. இரவீந்திரநாதரின் ஐம்பதாம் பிறந்தநாளை ஒட்டி, பூக்கோசைக் கொண்டு ஒரு பர்பி செய்து, கவிஞருக்கு வரவேற்பு என்னும் பொருள்படப் பெயரும் சூட்டினார். பூக்கோசு, ஐரோப்பியரால் 19-ஆம் நூற்றாண்டில் இங்குப் பயிரிடப்பட்ட காய். பர்பியோ பழகிய இனிப்பு. அயற்பொருளைப் பழைய வடிவில் வார்க்கும் அதே முறையை இங்கும் காண்கிறோம். மராத்தியில் 1910-இல் லட்சுமிபாய் துரந்தரின் 'கிருஹிணி மித்ர' வந்தது; 1970-இல் கமலாபாய் ஓகலேயின் 'ருசிரா' வெளிவந்து வீடுதோறும் பரவியது. பெண்கள் தம் கைமுறையைத் தாமே எழுத்தில் வைக்கத் தொடங்கிய காலம் அது.

தமிழில் அப்பணியைச் செய்தவருள் தலையாயவர் எஸ். மீனாட்சி அம்மாள் (1905–1962). இளமையிலேயே கணவரை இழந்து, குடும்பப் பொறுப்பைத் தாங்கியவர். அவருடைய சமையல் திறம் உறவினரிடையே புகழ்பெற்றிருந்தது. வெளியூர் சென்று குடியேறியவர்கள் கடிதம் எழுதிச் செய்முறை கேட்பர். அவரும் எழுதி அனுப்புவார். இவற்றை நூலாக்கினால் என்ன என்று அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டினார். 1951-இல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. பின்னர் மேலும் இரு பாகங்கள் தொடர்ந்தன.

நூலின் பெயரை நோக்குக. தமிழில் 'பார்' என்னும் வினை, கண்ணால் காண்பதை மட்டும் குறிப்பதன்று. செய்து பார், எழுதிப் பார், உண்டு பார் என்னுமிடங்களில் அது முயற்சியைக் குறிக்கும். 'வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்' என்னும் பழமொழியில், அம்முயற்சியின் அருமையையும் குறிக்கும். 'சமையற்கலை' என்றோ 'பாகசாஸ்திரம்' என்றோ பெயரிடாது, 'சமைத்துப் பார்' என்று படிப்பவளை நேரே விளித்தது அந்நூல். தவறினால் மறுபடியும் செய்யலாம் என்னும் துணிவு அச்சொல்லிலேயே இருக்கிறது.

அதன் பெரும்பயன் அளவைக் கூறியது. 'உப்பு வேண்டிய மட்டும்' என்பது கை பழகியவளுக்குப் போதும். தாயைப் பிரிந்து தில்லியிலோ பம்பாயிலோ தனிக்குடித்தனம் தொடங்கியவளுக்குப் போதாது. ஆழாக்கும் பலமும் தோலாவும் வழங்கிய காலத்தில் எழுந்த நூல் அது. 1958-இல் மெட்ரிக் எடைகள் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தபின், அடுத்தடுத்த பதிப்புகள் புதிய அளவைகளைத் தழுவின. அளவை மாறியது, நூல் வாழ்ந்தது. வெளிநாடு செல்லும் மணமகளின் பெட்டியில் அது தவறாது இடம்பெற்றது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாது விடுதல் முறையன்று. அந்நூல் காட்டுவது தமிழகத்தின் ஒரு பிரிவினரது புலால் நீத்த சமையலை. நெய்தற் கரையின் மீன்குழம்பும், கரிசல் நிலத்துக் கம்பங்களியும், கூலியுழைப்பாளர் வீட்டு நொய்க்கஞ்சியும் அச்சேற நெடுங்காலம் ஆயிற்று. பெரும்பாணாற்றுப்படை ஐவகை நிலத்தாரின் உணவையும் ஒப்ப மதித்துப் பாடியது. பிற்காலத்து ஏட்டில் எழுதும் வாய்ப்போ கல்வி பெற்ற சிலருக்கே கிட்டியது. எழுதப்படாத சமையல் தாழ்ந்த சமையல் அன்று. எழுதக் கை கிடைக்காத சமையல், அவ்வளவே.

புதியன சமைத்தல் பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதை வறட்சிக் காலங்கள் உணர்த்தின. 1942-இல் பர்மா சப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் கடைகளில் அரிசி சுருங்கக் கோதுமை புகுந்தது. அரிசி அன்றி வேறறியாத வீடுகளில் பெண்கள் ரவையை உப்புமாவாகவும், கோதுமை மாவைத் தோசையாகவும் ஆக்கக் கற்றனர். பெங்களூரின் மாவள்ளி டிபன் ரூம், தன் ரவா இட்லி அப்போர்க்கால அரிசிப் பஞ்சத்தில் பிறந்தது என்று கூறிவருகிறது. கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதனை எடுக்கும் தொழில் 1940-களில் எழுந்தது. விடுதலைக்குப் பின் கே. எம். முன்ஷி மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது, லீலாவதி முன்ஷி முன்னின்ற மகளிர் அமைப்பு, தானியம் குறைந்த மாற்று உணவுகளை 'அன்னபூர்ணா' உணவகங்கள் வாயிலாகப் பரப்ப முயன்றது. சென்னை மாநிலத்தில் இராஜாஜி 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். கட்டுப்பாடு நீங்கிய பின்னும் கோதுமை உப்புமா நீங்கவில்லை. தேவை கொணர்ந்ததைச் சுவை நிலைநிறுத்திவிட்டது.

பிறமாநிலங்களில் வாழும் தமிழரின் அட்டிலில் இவ்வரலாறு இன்றும் நடைபெறுகிறது. தில்லியின் தை மாதக் குளிரில் இட்டலி மாவு புளிக்க மறுக்கும். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் பொதிந்து வைக்கும் வழக்கம் அங்கே பிறந்தது. முருங்கையும் சின்ன வெங்காயமும் அரியவாகும் இடத்தில், சாம்பாரில் வெள்ளை முள்ளங்கியும் பச்சைப் பட்டாணியும் இடம்பெறுகின்றன. பஞ்சாபி அண்டைவீட்டாரின் கடுகுக்கீரை மசியல் ஒரு கிண்ணத்தில் வருகிறது. மறுநாள் அதே கிண்ணம் ரசத்தோடு திரும்பிச் செல்கிறது. கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது என்னும் பண்பு இரு வீட்டாருக்கும் பொது.

"இப்படியே போனால் நம் சமையல் நம்முடையதாக இருக்குமா?" என்று முதியோர் சிலர் கவலுறுவர். கவலை நியாயமானதே. ஆனால், பரங்கிக்காயைப் பொங்கற் பானையின் அருகே வைத்தவளிடமும் எவரேனும் இதே வினாவைக் கேட்டிருப்பர். வருவதால் மட்டும் ஒரு சமையல் அழிவதில்லை. இருப்பதை அடுத்தவர்க்குச் சொல்லாது விடுவதால்தான் அழிகிறது. கம்பும் வரகும் நம் கலங்களிலிருந்து பின்வாங்கியது கோசும் காரட்டும் வந்தமையால் அன்று. அவற்றை இடிக்கவும் புடைக்கவும் சமைக்கவும் அறிந்த கைகள் ஓய்ந்தபோது, அவ்வறிவை ஏற்க வேறு கைகள் நீளாமையால்.

ஆதலின் இரண்டும் வேண்டும். புதியதைச் சமைத்துப் பார்க்கும் துணிவும் வேண்டும். பழையதை அளவோடு எழுதிவைக்கும் பொறுப்பும் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவர் ஒருவர் கைப்பிடியால் அளந்து, மணத்தால் பதமறிந்து சமைக்கும் ஒரு குழம்பேனும் இருக்கும். அவர் அடுப்பருகே நிற்கும்போதே அக்கைப்பிடியை ஒரு படியில் இட்டு அளந்து குறித்துக்கொள்ளுதல், இளையோர் செய்யத்தக்க சிறிய வரலாற்றுப் பணி. அத்தாளின் மேற்புறத்தில் அவர் பெயரையும் எழுதி வைப்போமாக.