ஸ்கிரிப்ட் எதைத் தொடலாம்: ஜாவா உலகில் ஒரு கட்டுப்பாட்டின் வரலாறு

பெரிய நிரல் ஒன்றின் உள்ளே சிறு மொழியொன்றின் எஞ்சினைப் பதித்து, வெளியார் எழுதும் ஸ்கிரிப்டுகளை அதில் ஓடவிடும் வழக்கம் ஜாவா உலகில் பரவியதற்கு, 1997இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தொடங்கிய ரைனோ என்னும் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் முக்கியக் காரணமாகும். தாய்நிரல் தன் ஆப்ஜெக்ட் ஒன்றை ஸ்கிரிப்டிடம் ஒப்படைத்தால், அதன் பொது மெத்தட்கள், அதாவது பிற நிரல்கள் அழைக்கத்தக்க செயல்கள், யாவும் ஸ்கிரிப்டின் கைக்கு எட்டின. ரைனோவில் இடம்பெற்ற கிளாஸ்ஷட்டர் என்னும் தடுப்பு, ஆப்ஜெக்ட்டின் வரையறையான கிளாஸின் பெயரைப் பார்த்து அனுமதித்ததே தவிர, அதன் மெத்தட்களைத் தனித்தனியே பிரித்தறியவில்லை.

இந்தத் தாராளத்தின் விலை ஆண்ட்ராய்டில்தான் வெட்டவெளிச்சமானது. செயலிக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூவிடம் நிரலர் ஓர் ஆப்ஜெக்ட்டைக் கொடுக்கும்போது, தாம் எழுதிய இரண்டொரு மெத்தட்களை மட்டுமே கொடுப்பதாக எண்ணினார். ஆனால் எல்லா ஜாவா ஆப்ஜெக்ட்டுகளும் பிறப்பிலேயே பெறும் கெட்கிளாஸ் என்ற மெத்தடும் கூடவே சென்றது. அதைப் பற்றிக்கொண்டு, நிரல் தன்னைத்தானே ஆராய உதவும் ரிஃப்ளெக்‌ஷன் வசதி வழியே, இயங்குதளக் கட்டளைகளை இயக்கும் ரன்டைம் கிளாஸ்வரை பக்கத்திலுள்ள ஸ்கிரிப்ட் சென்றுவிட முடிந்தது. பக்கம் மறையாக்கமின்றி வந்தால், இடைவழியில் இருப்பவரும் அத்தகைய ஸ்கிரிப்டைச் செருகலாம். 2012இல் வெளியான ஆண்ட்ராய்டு 4.2, ஜாவாஸ்கிரிப்ட்இன்டர்ஃபேஸ் என்ற குறியீடு இட்ட மெத்தட்களை மட்டுமே வெளிக்காட்டும் விதியைக் கொண்டுவந்தது. எனினும் அப்பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ இலக்காக அறிவித்த செயலிகளையே அவ்விதி கட்டுப்படுத்தியதால், பழைய செயலிகளும் பழைய கைப்பேசிகளும் திறந்தே கிடந்தன.

சர்வர் பக்கத்தில் மாற்றம் மெதுவாகவே வந்தது. 2014இல் ஜாவா 8உடன் வந்த நாஸ்ஹார்ன் எஞ்சினுக்குக் கிளாஸ்ஃபில்டர் என்னும் தடுப்பு மறு ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. அது ரிஃப்ளெக்‌ஷனைத் தடுத்தது உண்மையே, ஆயினும் அதுவும் கிளாஸ் அளவிலேயே நின்றது. 2020இல் ஜாவா 15 நாஸ்ஹார்னையே நீக்கியது. அதற்கு முந்தைய ஆண்டில், ஜாவாவோடு பிற மொழிகளையும் இயக்கும் தளமான கிரால்விஎம் 19 கொண்டுவந்த ஹோஸ்ட்அக்சஸ் என்னும் கொள்கை, நிரலர் எக்ஸ்போர்ட் என்று குறித்த மெத்தட்கள் தவிர மற்றவற்றை இயல்பாகவே மூடிவைத்தது. அனைத்தையும் திறந்துவிடும் விருப்பத்தேர்வும் அதிலேயே உண்டு. அந்நியர் எழுதிய ஸ்கிரிப்டுக்கு அதைத் தேர்பவர் 1997இன் நிலைக்கே திரும்புகிறார்.