பாய்மரக் கப்பலில் வந்த பனிக்கட்டி

1833 முதல் 1880-களின் தொடக்கம் வரை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஏரிகளில் உறைந்த பனிக்கட்டி, பாய்மரக் கப்பல்களில் ஏறி நான்கு மாதம் பயணம் செய்து இந்தியத் துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 25,000 கிலோமீட்டர் தூரம். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவரும் அந்த வழியில் நிலநடுக்கோட்டை இருமுறை தாண்ட வேண்டும். கப்பலில் குளிரூட்டும் இயந்திரம் எதுவும் கிடையாது. கெடக்கூடிய சரக்குகளை வெப்பம் அண்டாமல் நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் இன்றைய தொழிலுக்கு இந்த வணிகமே பெரிய முன்னோடி.

இதற்கு முன்பும் இந்தியாவில் பனிக்கட்டி அறியாத பொருளல்ல. அக்பரின் அரண்மனையில் தண்ணீரைக் குளிர்விக்க வெடியுப்பைப் பயன்படுத்தினார்கள். அரசவை பஞ்சாபுக்கு இடம் மாறிய பிறகு, வடக்கு மலைகளிலிருந்து படகிலும் வண்டியிலும் ஆட்களின் தோளிலும் பனி லாகூருக்கு வந்தது என்று அயினி அக்பரி என்னும் அக்கால நூல் குறிப்பிடுகிறது. அலகாபாத் போன்ற இடங்களில் குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி தயாரிக்கும் முறையும் இருந்தது. ஆழமில்லாத பள்ளங்களில் வைக்கோலும் கரும்புச் சக்கையும் பரப்பி, அவற்றின்மேல் மண் தட்டுகளில் தண்ணீரை வைப்பார்கள். தெளிந்த வானத்தை நோக்கி வெப்பம் வெளியேறுவதாலும், தட்டின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாவதாலும் விடிவதற்குள் மெல்லிய படலம் உறைந்துவிடும். கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளிப் பகுதியிலும் இம்முறை நடந்தது. ஆனால் அங்கே கிடைத்தது அழுக்குக் கலந்த, கூழ் போன்ற பனிக்கட்டி. அதுவும் சில மாதங்களுக்கே கிடைத்தது. அத்தகைய குளிர்காலம் இல்லாத சென்னைக்கு அந்த வழியும் இல்லை.

பனிக்கட்டியைக் கடல்கடந்து விற்கலாம் என்று துணிந்தவர் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் (1783–1864). 1806-இல் தம் 22-ஆவது வயதில் சுமார் 130 டன் பனிக்கட்டியை மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்குக்கு அனுப்பினார். இப்படியொரு சரக்கை ஏற்ற எந்தக் கப்பல்காரரும் முன்வராததால் ‘ஃபேவரிட்’ என்ற கப்பலைத் தாமே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. மூன்று வாரத்தில் சரக்கு பெரும்பாலும் நல்ல நிலையில் போய்ச் சேர்ந்தது. இருந்தும் பெருநட்டம். தீவில் பனிக்கட்டியைச் சேமிக்கக் கிடங்கு இல்லை; வாங்கியவர்களுக்கு அதை வீட்டில் எப்படிப் பாதுகாப்பது என்றும் தெரியவில்லை. கரையிறங்கிய சரக்கு விற்பதற்குள் உருகியது. பயணத்தைவிடப் போய்ச் சேரும் இடத்து ஏற்பாடே முதன்மையானது என்பதை டியூடர் அப்போது கற்றுக்கொண்டார்.

அடுத்த பத்தாண்டு கடனிலும் வழக்கிலும் கழிந்தது. கடன்காரர்களால் அவர் சிறைக்கும் போனார். 1816-இல் ஹவானாவில் இரட்டைச் சுவர் கொண்ட கிடங்கு ஒன்றைக் கட்டிய பிறகே தொழில் நிலைபெற்றது. இரண்டு சுவர்களுக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தாத பொருளை நிரப்பி, எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்பதை அளந்து, கிடங்கின் அமைப்பைப் படிப்படியாகத் திருத்தினார். பிறகு அமெரிக்காவின் தென்பகுதி நகரங்களான சார்ல்ஸ்டனிலும் நியூ ஆர்லியன்ஸிலும் கிடங்குகள் எழுந்தன.

தொழிலின் மறுபாதியைச் சீர்படுத்தியவர் நத்தேனியல் வையத். கேம்பிரிட்ஜ் நகரின் ஃபிரெஷ் பாண்ட் ஏரியில் டியூடருக்காக வேலை பார்த்த அவர், 1825-இல் குதிரை இழுக்கும் பனி ஏர் ஒன்றை உருவாக்கினார். அதுவரை கோடாரியாலும் வாளாலும் கோணல்மாணலாக வெட்டிய பனிக்கட்டி, அதன் பிறகு ஒரே அளவுச் சதுரக் கட்டிகளாகக் கிடைத்தது. செலவு மளமளவெனக் குறைந்தது. அதைவிடப் பெரிய ஆதாயம், ஒரே அளவுக் கட்டிகளை இடைவெளியின்றி அடுக்க முடிந்தது. இடைவெளி குறைந்தால் காற்று புகாது. காற்று புகாவிட்டால் உருகலும் குறையும். ஏரியின் மேல் விழும் பனித்தூவலை அவ்வப்போது வழித்தெடுப்பதும் வேலையின் ஒரு பகுதி. அதை அப்படியே விட்டால் அது போர்வையாகக் கிடந்து, அடியிலுள்ள நீர் மேலும் உறைவதைத் தடுத்துவிடும். 1841-இல் ஃபிரெஷ் பாண்ட் ஏரியிலிருந்து சார்ல்ஸ்டவுன் துறைமுகத்துக்கு ரயில் பாதையும் வந்தது.

நான்கு மாதம் வெப்பக் கடலில் மிதந்தும் பனிக்கட்டி மிஞ்சியதற்கு இயற்பியல் காரணங்கள் உண்டு. ஒரு கிலோ பனிக்கட்டி உருக வேண்டுமானால், அதே ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கும் அளவு வெப்பத்தை அது உறிஞ்ச வேண்டும். அளவு கூடக் கூட உருகும் வேகம் விகிதத்தில் குறைகிறது. ஒரு மீட்டர் பக்கமுள்ள எட்டுக் கட்டிகள் தனித்தனியே கிடந்தால் 48 சதுர மீட்டர் பரப்பு வெளியே தெரியும். அவற்றை ஒன்றாக அடுக்கினால் 24 சதுர மீட்டர்தான். ஹென்றி டேவிட் தோரோ 1854-இல் வெளியிட்ட ‘வால்டன்’ நூலில் இதற்கு நேர்ச்சான்று இருக்கிறது. 1846–47 குளிர்காலத்தில் வால்டன் ஏரியில் வெட்டி, வைக்கோலும் பலகையும் போர்த்திக் கரையில் குவித்த பனிக்கட்டி, அடுத்த ஜூலையில் போர்வை நீக்கப்பட்டு வெயிலில் கிடந்தும், 1848 செப்டம்பர் வரை முழுதாக உருகவில்லை என்கிறார் அவர்.

கப்பலிலும் இதே வழிதான். சரக்கறையின் உட்புறம் பலகையால் இன்னொரு சுவர் அடித்து, இடைவெளியில் மரத்தூளை நிரப்பினார்கள். மெயின் மாநில மர அறுவை ஆலைகளில் அது கழிவாகக் கிடந்த பொருள். கட்டிகளை நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலும் மரத்தூளும் இட்டு, காற்று புகாதபடி மூடினார்கள். உருகிய நீரை உடனுக்குடன் இறைத்து வெளியேற்றுவது மிக அவசியம். நனைந்த மரத்தூள் வெப்பத்தைத் தடுக்காது.

இந்தியப் பயணத்துக்குச் சாமுவேல் ஆஸ்டின், வில்லியம் ரோஜர்ஸ் ஆகியோர் டியூடருடன் கூட்டுச் சேர்ந்தார்கள். ‘டஸ்கனி’ கப்பல் 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் கிளம்பி, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. நகரத்து ஐரோப்பியர்கள் மகிழ்ச்சியில் திளைத்தார்கள். அரசு பனிக்கட்டிக்குச் சுங்க வரியை நீக்கியது. வெயிலில் வீணாகாதபடி இரவிலேயே இறக்கவும் அனுமதித்தது. கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க் பிரபு, ரோஜர்ஸுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கோப்பையைப் பரிசளித்தார். நகரத்தார் சந்தா திரட்டிக் கிடங்கு கட்டிக் கொடுத்தார்கள். உள்ளூர் பனிக்கட்டியைவிட இது தூய்மையானது, விலையும் குறைவு. காபி ஊக வணிகத்தில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் இழந்திருந்த டியூடரைக் கரையேற்றியது கல்கத்தா வணிகம்தான்.

இந்த வணிகம் கட்டுப்படியானதற்குக் கப்பல் போக்குவரத்தின் ஒரு நிலைமையும் துணைநின்றது. பாஸ்டனிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பக் கனமான சரக்கு அதிகம் கிடையாது. திரும்பும்போதோ அவுரி, தோல், வெடியுப்பு, ஆளி விதை, அரக்கு என்று கப்பல் நிறையும். போகும் வழியில் கப்பல் நிலைகுலையாமலிருக்க அடியில் கல்லை ஏற்றிச் செல்வது வழக்கம். கல்லுக்குப் பதில் பனிக்கட்டியை ஏற்றினால் அந்தப் பாரமும் காசாகும். பனிக்கட்டியோடு அமெரிக்க ஆப்பிளும் வெண்ணெயும் வந்தன. கெடும் உணவுப் பொருள் குளிர்ந்த சரக்கறையில் கண்டம் தாண்டியது இப்படித்தான். 1856-இல் மட்டும் பாஸ்டனிலிருந்து 363 கப்பல் சரக்குகளாக 1,46,000 டன் பனிக்கட்டி 53 இடங்களுக்குப் போனது.

சென்னையில் டியூடர் நிறுவனத்தின் கிடங்கு 1842-இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் எழுந்தது. பம்பாயிலும் அதே காலத்தில் ஒரு கிடங்கு அமைந்தது. சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிடும். அங்கிருந்து சரக்கையும் ஆட்களையும் மசூலாப் படகுகளே கரைசேர்க்கும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த அந்தப் படகுகள், அலையின் மோதலுக்கு வளைந்துகொடுக்கும். நான்கு மாதம் காப்பாற்றிய கட்டியை வெயிலில் கடைசிச் சில நூறு மீட்டர் கொண்டுவருவதே சிரமம் என்பதால், கிடங்கு அலைக்கு மிக அருகில் அமைந்தது. பனிக்கட்டி பெரும்பாலும் ஐரோப்பியர் வீடுகளுக்கும், வசதி படைத்த இந்தியர் சிலர் வீடுகளுக்கும் போனது. காய்ச்சல் கண்டவர்களுக்கு மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள். சாமானியர் கைக்கு அது எட்டவில்லை.

இந்த வணிகத்தை முடித்தது இயந்திரம். சென்னையில் 1874-இல் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனியும், கல்கத்தாவில் 1878-இல் பெங்கால் ஐஸ் கம்பெனியும் நீராவி விசையால் பனிக்கட்டி தயாரிக்கத் தொடங்கின. கப்பல் வரும் நாளுக்குக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனது. சில ஆண்டுகளில் அமெரிக்க ஐஸின் வரத்து நின்றது. சென்னைக் கிடங்கை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, சுற்றிலும் தாழ்வாரம் சேர்த்து வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமியின் விதவையர் இல்லம் அங்கே இயங்கியது. 1963-இல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறினாலும், சுற்றுவட்டாரம் இன்றும் ‘ஐஸ் ஹவுஸ்’தான்.

அதே காலத்தில் கப்பலுக்குள்ளேயே குளிர்விக்கும் இயந்திரங்கள் ஏறின. 1882 பிப்ரவரியில் நியூசிலாந்தின் போர்ட் சாமர்ஸிலிருந்து புறப்பட்ட ‘டனேடின்’ பாய்மரக் கப்பல், நிலக்கரியில் இயங்கும் இயந்திரத்தால் உறையவைத்த ஏறத்தாழ 5,000 ஆட்டிறைச்சி உடல்களை 98 நாளில் லண்டனுக்குக் கொண்டுசேர்த்தது. கெட்டுப்போனது ஒன்றே ஒன்று. உலக இறைச்சி வணிகமே அதன் பின் மாறியது.

இயந்திரம் வந்தும் பழைய விதிகள் மாறவில்லை. இன்றைய குளிர்சாதனக் கன்டெய்னரின் சுவரில் மரத்தூளுக்குப் பதில் பாலியூரித்தேன் நுரை இருக்கிறது. அதன் இயந்திரமும் சூடான சரக்கைக் குளிர்விப்பதற்கானதல்ல. முன்பே குளிர்வித்து ஏற்றிய சரக்கை அதே நிலையில் வைத்திருக்கவே அது வடிவமைக்கப்பட்டது. போய்ச் சேரும் இடத்தில் குளிர்க் கிடங்கு இல்லையென்றால் எவ்வளவு நல்ல கன்டெய்னரும் பயன்படாது என்பது மார்ட்டினிக் கற்பித்த பாடமே. கிராமத்துச் சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசி போகும் பெட்டியிலும் இயந்திரம் கிடையாது. தடித்த சுவரும், மெல்ல உருகத் தொடங்கிய ஐஸ் பொதிகளுமே மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் காக்கின்றன. சரக்கை வழிநெடுகக் குளிர் குறையாமல் கொண்டுசேர்க்கும் இந்தக் குளிர்ச் சங்கிலியில் வெப்பத்தைத் தடுப்பதே முதல் வேலை. குளிரை உண்டாக்குவது அதற்கு அடுத்ததுதான்.